ஒற்றைச் சிறுநீரகம்: ரயில் மேல் பழி வேண்டாம்

கேள்வி: மும்பை முலுண்டில் வசிக்கிறோம். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு இடது சிறுநீரகம் இல்லை என்கிறார்கள். தினமும் தாதர் வரை லோக்கல் ரயிலில் இடிபட்டுப் போனதுதான் காரணமோ என்று தூக்கமே இல்லை. இனி என்ன செய்ய வேண்டும்?

பதில்: ரயில் நெரிசலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, சகோதரி. உங்களுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆன சமயத்தில் தொடங்கும் வேலை இது. அப்போது கரு ஒரு மிளகளவு.

அந்த மிளகுக்குள், முதுகுப் பக்கம் இருபுறமும் ஓல்ஃபியன் குழாய் என்ற நுண்குழாய் ஓடுகிறது. அதன் கீழ்முனையருகே உள்ள செல்திரள் ஜி.டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. குழாயின் செல்களில் அதை வாங்கிக்கொள்ள 'ரெட்' என்ற ஏற்பி இருக்கிறது. வாங்கிக்கொண்டதும் குழாயிலிருந்து ஓர் அரும்பு கிளம்பி, அழைப்பு வந்த திசையில் வளர்கிறது. போய்ச் சேர்ந்த அரும்பு சும்மா இருப்பதில்லை. தன் பங்குக்கு 'வின்ட்' வகைப் புரதத்தை அனுப்பி, அந்தச் செல்திரளை வடிகட்டியாக மாறத் தூண்டுகிறது. அரும்பு கிளைவிடக் கிளைவிட, ஒரு சிறுநீரகத்துக்குச் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்வடிகட்டிகள், உருவாகின்றன. ஒரு பக்கம் அழைப்போ பதிலோ எழாவிட்டால் அங்கே சிறுநீரகம் இல்லை. ஜி.டி.என்.எஃப். மரபணு நீக்கப்பட்ட எலிகள் சிறுநீரகமே இல்லாமல் பிறந்ததை 1996-இல் கண்டார்கள். மனிதர்களில் பெரும்பாலும் காரணம் பிடிபடுவதில்லை. சிலருக்கு மரபணு, சிலருக்குக் கருத்தரிக்கும் முன்பே இருந்த சர்க்கரை நோய்.

இடது சிறுநீரகம் இடம் மாறி இடுப்புக்குழியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பனிக்குட நீர் சரியான அளவில் இருந்தால், மற்றச் சிறுநீரகம் வேலை செய்கிறது என்று பொருள். அது கருவிலேயே சற்றுப் பெரிதாக வளரத் தொடங்கிவிடும். பிறந்த பின் ஒரு ஸ்கேன், அதன்பின் ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்தால் போதும்.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. பெண் கருவில் கருப்பையாக மாறும் முல்லேரியன் குழாய், அந்த ஓல்ஃபியன் குழாயைப் பற்றிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. வழிகாட்டி பழுதான பக்கத்தில் கருப்பையின் ஒரு பாதி குறைபடலாம். பிறப்புறுப்பின் ஒரு பாதி அடைபட்டும் இருக்கலாம். பாலினத்தை இப்போது கேட்கக் கூடாது, சட்டம் அனுமதிக்காது. பிறந்தது ஆணானால் விரைகளைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெண்ணானால், தாயின் ஹார்மோனால் கருப்பை தெளிவாகத் தெரியும் முதல் சில நாட்களிலேயே அதையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

பூப்பெய்தும் வயதில் மறுபடியும் ஒரு ஸ்கேன் வேண்டும். அடைப்புக்குப் பின்னால் ரத்தம் தேங்கித் துடிக்கும் பெண்ணிடம், 'எல்லாருக்கும் வரும் வலிதான்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது. இன்றைய ஸ்கேன் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து, அன்று மருத்துவர் மேசையில் எடுத்து வையுங்கள்.