துருவும் கூர்மையும்: பழைய தச்சுக் கருவிகள் பற்றிய கேள்வி பதில்

பழைய தச்சுக் கருவிகளை வாங்கி, சீர் செய்து, விற்பது என் தொழில். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி துருவைப் பற்றி. மீதி, 'இது என்ன விலைக்குப் போகும்' என்று. விலையை மட்டும் கேட்காதீர்கள். கருவியைக் கையில் வாங்காமல் விலை சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது மாதிரி.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ஓர் இழைப்புளி, ஆறு உளி, ஒரு ரம்பம் கிடைத்தன. எல்லாம் துரு. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிப் பளபளவென்று ஆக்கி விற்கலாமா ஐயா?

கிரைண்டரைக் கீழே வையுங்கள் தம்பி. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு பழைய உளியை அப்படித்தான் தேய்த்தேன். கழுத்துக்குக் கீழே ஏதோ எழுத்து மங்கலாகத் தெரிந்தது. துரு போனதும் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். துரு போயிற்று, எழுத்தும் கூடவே போயிற்று. 'காஸ்ட் ஸ்டீல்' என்பதில் பின்பாதி மட்டும் மிஞ்சியது. செய்தவர் பெயர் இருந்த இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. வாங்க வந்தவர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார், ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

(காஸ்ட் ஸ்டீல் என்று பார்த்ததும் வார்ப்பிரும்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் எஃகை மூசையில் உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த வகை எஃகுக்குத்தான் இந்தப் பெயர். அருமையான உளி எஃகு.)

துருவில் சிவப்பு வேறு, கருப்பு வேறு. சிவப்பு பொடியாக உதிரும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். கருப்பு இரும்போடு ஒட்டிக் கிடக்கும் படலம். மேற்கொண்டு துரு ஏறுவதைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். சிவப்பை எடுத்துவிட்டுக் கருப்பை அப்படியே விடுங்கள். சேகரிப்பவர்கள் அந்தக் கருமைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

லேசான துருவுக்கு எண்ணெயும் பித்தளை பிரஷ்ஷும் போதும். கனமாக இருந்தால் சிட்ரிக் அமிலம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். மரப்பிடி, பித்தளைத் திருகு எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள். ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அரை மணிக்கு ஒரு முறை வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ராத்திரி முழுக்கக் கிடந்தால் அமிலம் நல்ல இரும்பையும் அரித்து, சாம்பல் பூத்த மாதிரி ஆக்கிவிடும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, ஹேர் டிரையரால் சூடு காட்டி, எண்ணெய் பூச வேண்டும். நடுவில் ஒரு போன் வந்து பத்து நிமிஷம் பேசினால் போதும், கண் முன்னாலேயே மஞ்சள் ஏறிவிடும்.

ரம்பத்தை மட்டும் ஊறப்போடாதீர்கள். பழைய ரம்பத் தகட்டில் செய்தவர் முத்திரை மிக மெல்லிசாகப் பொறித்திருக்கும். தட்டையான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, நீளவாக்கில் மட்டும் தேய்த்துக்கொண்டே வாருங்கள். துருவுக்கு நடுவே பென்சில் கோடு மாதிரி ஏதாவது தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: தண்ணீரில் மின்சாரம் விட்டுத் துரு எடுப்பதைப் பார்த்தேன் அண்ணே. உப்புப் போட்டால் சீக்கிரம் போகுமாமே?

உப்பு போட்டால் குளோரின் வாயு வரும். வேண்டவே வேண்டாம். சலவைச் சோடா போடுங்கள். 12 வோல்ட் சார்ஜரின் மைனஸ் முனை கருவிக்கு, பிளஸ் முனை ஒரு சாதாரண இரும்புத் துண்டுக்கு. அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது. அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் கரையும். ஹைட்ரஜனும் கிளம்பும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். முனைகளை மாற்றிக் கொடுத்தால் துருவுக்குப் பதில் கருவியே கரையும்.

கேள்வி: என்னிடம் ஸ்டான்லி நம்பர் 4 இழைப்புளி இருக்கிறது. உள்ளே மார்ச் 25, 1902 என்று இருக்கிறது. நூற்றிருபது வருஷப் பழசு என்று சொல்லி விற்கலாமா?

அது காப்புரிமை வாங்கிய தேதி அம்மா, அதைச் செய்த தேதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னும் கொஞ்சம் துடைத்துப் பாருங்கள். ஃபிராக் என்கிற, தகடு சாய்ந்து உட்காரும் துண்டுக்குப் பின்னால் இதே மாதிரி ஆகஸ்ட் 19, 1902 என்றும் ஏப்ரல் 19, 1910 என்றும் இருக்கிறதா? மூன்று தேதியும் இருந்தால் 1910க்கும் 1918க்கும் இடையில் வார்த்த உடல் என்று பொதுவாகக் கொள்வார்கள். உடல் என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். இந்த வகை இழைப்புளியை வடிவமைத்த லெனார்டு பெய்லியின் காப்புரிமைகளை ஸ்டான்லி கம்பெனி 1869இல் வாங்கியதிலிருந்து அந்த அமைப்பு பெரிதாக மாறவே இல்லை. அதனால் ஒன்றின் தகடு இன்னொன்றில் பொருந்தும். நூறு வருஷத்தில் எத்தனை பேர் எதைக் கழற்றி எதில் மாட்டினார்களோ! உடல் ஒரு காலம், தகடு ஒரு காலம் என்றால் அதை அப்படியே எழுதி விற்றுவிடுங்கள்.

இன்னொன்று. நம்பர் 4 ஏராளமாகச் செய்யப்பட்ட அளவு. ஒன்பது அங்குல நீளம், இரண்டு அங்குலத் தகடு. வேலை செய்கிறவர் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் கட்டாயம் விற்கும். ஆனால் பொக்கிஷம் என்று நினைக்க வேண்டாம். சேகரிப்பவர்கள் துரத்துவது நம்பர் 1ஐ: ஐந்தரை அங்குலம், பொம்மை மாதிரி இருக்கும். அதில் போலியும் நிறைய.

கேள்வி: இழைப்புளியின் வார்ப்பிரும்பு அடியில், தகடு வெளியே நீட்டும் வாய்ப்பக்கத்தில் ஒரு முடி அளவு விரிசல். எபாக்ஸி பசை வைத்து மறைத்தால் தெரியாது. விற்கலாமா?

கூடாது.

இதை எனக்கே ஒருவர் செய்திருக்கிறார். படத்தில் வாய்க்கு மேலே அழகாக ஒரு மரச்சீவல் சுருண்டு கிடந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, விரிசல் அந்தச் சீவலுக்கு அடியில் இருந்தது என்று. அன்றிலிருந்து எதை வாங்கினாலும் தகட்டையும் பிடிகளையும் கழற்றிவிட்டு, உடலை ஒரு விரலில் தொங்கவிட்டு, திருப்புளிப் பிடியால் லேசாகத் தட்டிப் பார்க்கிறேன். முழு உடல் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று நின்றுவிடும்.

விரிசலைச் சொல்லியே விற்கலாம். உதிரிப் பாகத்துக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாயின் இரண்டு மூலை, பக்கச் சுவர், பிடி உடையும் இடம் மூன்றையும் சீவல் கீவல் இல்லாமல் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.

கேள்வி: உளியைச் சாணை பிடித்தபோது நுனி நீலமாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

நீலம் ஏறிய அளவுக்குப் பதம் போய்விட்டது. பழைய கார்பன் எஃகு 220, 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் காட்டும். அதுவரை உளிக்குப் பயமில்லை. 300ஐ நெருங்கும்போது நீலம். அந்த இடம் மிருதுவாகிவிடும், ரெண்டு தட்டு தட்டினால் கூர் மடங்கும். நீலத்தைத் தாண்டி நல்ல எஃகு வரும்வரை மெதுவாகத் தேய்த்து எடுங்கள், அடிக்கடி தண்ணீரில் தோய்த்தபடி. கையுறை இல்லாமல் விரலை நுனிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பிடியுங்கள். விரல் சுடும்போது நீங்களே எடுத்துவிடுவீர்கள், எஃகு நீலமாக இன்னும் நிறைய தூரம் இருக்கும்.

அப்புறம், விற்குமுன் கூர் ஏற்றலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சேகரிப்பவருக்கு என்றால் தொடாதீர்கள். வேலைக்காரருக்கு என்றால் 25 டிகிரி சாய்வில் சாணை, நுனியில் மட்டும் 30 டிகிரி சாய்வு. இழைப்புளியாக இருந்தால் நான் ஒரு சீவல் எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பெட்டியிலேயே வைத்துவிடுவேன். அதற்கு மேல் விளம்பரம் தேவைப்பட்டதில்லை.

கேள்வி: கைப்பிடிக்கு என்ன பூசுவது?

அழுக்கை டர்பன்டைனால் துடைத்துவிட்டு, ஆளி எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு. துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் உலரும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். பழைய சொந்தக்காரர் பிடியில் தன் பெயரைக் குத்தி வைத்திருந்தால் அதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஒருவர் என் இழைப்புளியைக் கேட்கிறார். எப்படி அனுப்புவது?

முதலில் பிடியின் மரத்தைப் பாருங்கள். பழைய அமெரிக்க இழைப்புளிகள் பலவற்றில் பிரேசில் ரோஸ்வுட் பிடி இருக்கும். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில், கெடுபிடி அதிகமான முதல் பட்டியலில், அந்த மரம் 1992 முதல் இருக்கிறது. உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிபோகலாம். தந்தம் பதித்த கருவிக்கும் இதே தலைவலிதான். மரம் எது என்று சந்தேகமாக இருந்தால் உள்நாட்டிலேயே விற்றுவிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

கட்டும்போது, வார்ப்பிரும்பு கனமாக இருப்பதால் உடையாது என்று நம்பாதீர்கள். பெட்டிக்குள் அரை அங்குலம் நகர இடம் இருந்தாலே அது அங்குமிங்கும் மோதி, பின்பக்கப் பிடியின் மேல்நுனி முதலில் போகும். என்னிடமிருந்து போன ஒரு நம்பர் 7 அப்படித்தான் போய்ச் சேர்ந்தது, இருபத்திரண்டு அங்குலமும் முழுசாக, பிடி மட்டும் ரெண்டாக. இப்போதெல்லாம் பின்பிடியைக் கழற்றித் தனியாகச் சுற்றுகிறேன், தகட்டின் கூர்மீது அட்டையை மடித்து டேப் ஒட்டுகிறேன், பெட்டியை மூடிக் குலுக்கிப் பார்க்கிறேன். சத்தம் வந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.