தூதரகத்தில் கிடக்கும் பாஸ்போட்: விதானையார் பதில்கள்

கேள்வி: மகன் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை செய்கிறான். பாஸ்போட் புதுப்பிக்க மாசி மாதம் அங்குள்ள நம் தூதரகத்தில் கொடுத்தான். ஆடியும் வந்துவிட்டது, ஒரு பதிலும் இல்லை. போன் அடித்தால் எடுக்கிறார்கள் இல்லை. அவனுக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டும்தான், அன்றைக்குத் தூதரகமும் பூட்டு. இக்காமா (அங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி) முடியப்போகிறது. ஐம்பதாயிரம் தந்தால் கொழும்பில் ஆளைப் பிடித்து எடுத்துத் தருவேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? படிவத்தின் பிரதியையும் பிறப்புப் பத்திரத்தின் பிரதியையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.
– ஒரு தாய், பரந்தன்

பதில்: காசைக் கொடுக்காதீர்கள் தங்கச்சி. ஐம்பதாயிரத்துக்கு அவர் செய்யப்போவது ஒரு விசாரிப்பு. அதை நீங்களே செய்யலாம்.

வழமையாகத் தூதரகத்தில் பாஸ்போட் அடிப்பதில்லை. படிவத்தை வாங்கிக் கொழும்புக்கு அனுப்புவதுதான் அவர்கள் வேலை. புத்தகம் அச்சாவது பத்தரமுல்லையில், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில். அச்சானபின் அதே வழியால் திரும்பிப் போகவேண்டும். இங்கே நெரிசல் என்றால் அங்கேயும் நெரிசல்தான். 2024இல் வெற்றுப் புத்தகத்துக்கே தட்டுப்பாடு வந்து, பத்தரமுல்லையில் சனம் இரவிரவாக வரிசையில் நின்றதே, அந்த நேரம் வெளிநாட்டில் கொடுத்தவர்களும் காய்ந்தார்கள். ஆனால் போனை எடுத்து ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்வதற்குப் புத்தகம் தேவையில்லை. அந்த விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது.

சரி, நீங்கள் அனுப்பிய பிரதிகளைப் பார்த்தேன். படிவத்தில் பிறந்த இடம் கிளிநொச்சி என்று இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவி. பிறந்த ஆண்டு 1997. எனக்கு உடனே விளங்கிவிட்டது, உங்களுக்கும் விளங்கும். 1996இல் இராணுவத்தின் சத்ஜய நடவடிக்கைச் சண்டையோடு கிளிநொச்சியே எழும்பி அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று போய் இருந்த காலம். பிள்ளைகள் போன இடத்தில் பிறந்தார்கள், போன இடத்தில் பதிந்தோம். ஊர் எது என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் கிளிநொச்சிதான். பத்தரமுல்லையில் கோப்பைப் பார்க்கிறவருக்கு இந்தக் கதை தெரியாது. இரண்டு பத்திரத்தில் இரண்டு மாவட்டம் கண்டால் விளக்கம் கேட்டு ஒரு பக்கம் வைத்துவிடுவார். விளக்கம் கேட்ட கடிதம் தூதரகத்துக்குப் போய் மகனுக்குத் தெரியாமலே கிடக்கவும் கூடும். அதோடு, படிவத்தில் எழுதிய உள்ளூர் போன் இலக்கம் இப்போது பாவனையில் இல்லை என்று நீங்களே ஓரத்தில் பேனையால் குறித்திருக்கிறீர்கள்!

ஆகவே முதலில், மல்லாவி அடங்கும் துணுக்காய் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பிறப்புப் பத்திரத்தின் புதிய பிரதி எடுங்கள். உங்களிடம் இருப்பது இடம்பெயர்வில் நனைந்தது போலிருக்கிறது, பதிவாளரின் முத்திரையே சரியாகத் தெரியவில்லை. புதியதை வட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்புங்கள். அவன் அதையும், பிறந்த இடம் ஏன் மாறிக் கிடக்கிறது என்று நாலு வரிக் கடிதத்தையும், உங்கள் இப்போதைய போன் இலக்கத்தையும் தூதரகத்துக்கு எழுத்தில் கொடுக்கட்டும். பற்றுச்சீட்டு இலக்கம் கடிதத்தின் தலைப்பில் இருக்கவேண்டும். அதே பற்றுச்சீட்டின் பிரதியைக் கம்பனிக்காரரிடமும் கொடுத்து, விண்ணப்பித்தாயிற்று என்று காட்டிவைக்கட்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென்று ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

இதற்கிடையில் ‘நாடு திரும்பத் தற்காலிகப் பத்திரம் தருகிறோம்’ என்று சொன்னால் அவன் யோசித்துத்தான் வாங்கவேண்டும். அது ஊருக்கு வர மட்டும் உதவும். திரும்பிப் போய் வேலை செய்ய உதவாது.

கேள்வி: என் பாஸ்போட் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. தூதரகத்தில் அலையாமல், லீவில் வந்து நிற்கும்போது இங்கேயே எடுக்கலாமா? வவுனியாவா, யாழ்ப்பாணமா நல்லது?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: தாராளமாக எடுக்கலாம் தம்பி. அதுதான் புத்தி. பத்து வருடப் பாஸ்போட் என்று சொன்னாலும் கடைசி ஆறு மாதத்தை நம்பக்கூடாது, பல நாடுகள் உள்ளே விடாது. யாழ்ப்பாணக் கச்சேரியிலும் 2025 செப்ரெம்பரில் அலுவலகம் திறந்துவிட்டார்கள், ஆனால் உங்களுக்கு நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியாதான் கிட்ட. விமான ரிக்கெற் போடும்போதே அலுவலகத் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், வந்து இறங்கியபின் தேடினால் லீவு முடிந்துவிடும். படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் மட்டும் எடுங்கள். அவசரத்தில் தூதரகத்திலும் ஒன்று, இங்கேயும் ஒன்று என்று இரண்டு விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். இரண்டும் நகராமல் நிற்கும்.