ஓனருக்கும் தெரியாது, குடித்தனக்காரருக்கும் தெரியாது: வாடகை வீட்டு செப்டிக் டேங்க் கேள்வி-பதில்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி செப்டிக் டேங்க் பற்றித்தான் இருக்கும். அதிலும் பெரும்பாலானவை வாடகை வீடுகளிலிருந்து வரும். சொந்த வீட்டில் இருப்பவர் நாற்றம் வந்தால் மூடியைத் திறந்து பார்த்துவிடுவார். வாடகை வீட்டில் டேங்க் எங்கே இருக்கிறது என்று குடியிருப்பவருக்குத் தெரியாது. கடைசியாக எப்போது எடுத்தோம் என்று ஓனருக்கு நினைவிருக்காது. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மேடவாக்கத்தில் எங்கள் வீட்டை இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன மாதம் லாரி வைத்து டேங்கைச் சுத்தமாக எடுத்தோம். பத்தே நாளில் "மறுபடியும் ரொம்பிடுச்சு சார்" என்று போன் வருகிறது. லாரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றியிருக்க மாட்டார். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். இரண்டு குடும்பத்திலும் சேர்த்து எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியல் தண்ணீரும் அதில்தான் சேருகிறது என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டர் போகும். நாலாயிரம் லிட்டர் டேங்க் ஐந்தே நாளில் நிரம்பிவிடும்.

நிரம்பிய பிறகுதான் அது வேலையே செய்ய ஆரம்பிக்கிறது. கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் சோப்பும் மேலே ஆடைபோல மிதக்கும். நடுவில் இருக்கும் ஓரளவு தெளிந்த தண்ணீர் தடுப்புச் சுவரைத் தாண்டி இரண்டாவது அறைக்குப் போய், அங்கிருந்து அவுட்லெட் குழாய் வழியாக சிமென்ட் வளையங்கள் அடுக்கிய உறைக்கிணற்றில் இறங்கி மண்ணில் ஊறும். இதில் ஒன்றும் தவறில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது மட்டத்தை. இரண்டாவது அறையின் மூடியை ஆள் வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். நகர்த்தியதும் குனிந்து முகத்தை நீட்டாதீர்கள், பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ வேண்டாம், சற்று விலகி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் அவுட்லெட் குழாயின் அடிவிளிம்பில் நின்றால் எல்லாம் சரி. குழாய் வாயே மூழ்கிக் கிடந்தால் கோளாறு டேங்கில் இல்லை, உறைக்கிணற்றில் இருக்கிறது. பல வருடக் கசடு ஓடி மண்ணின் துளைகள் அடைத்திருக்கும். இல்லையென்றால் மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து தண்ணீர் இறங்க இடமில்லாமல் போயிருக்கும். இந்த நிலையில் எத்தனை லோடு எடுத்தாலும் விழலுக்கு இறைத்த நீர்தான். மழை வடியும்வரை இரண்டு வீட்டிலும் வாஷிங் மெஷினை ஒரே நாளில் ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். தை மாதத்துக்குப் பிறகும் மட்டம் இறங்காவிட்டால் புதிதாக ஒரு உறைக்கிணறு போட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. புதைத்து வைத்த ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் கொட்டும் மழையில் அதை முழுதாகக் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் ஈரமண், உள்ளே வெறும் காற்று என்றால் டேங்க் படகு மாதிரி மேலே எழும்பி, குழாய்களைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கோவை சரவணம்பட்டியில் குடியிருக்கிறோம். வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. டேங்க் வழிகிறது. "நீங்கதானே யூஸ் பண்றீங்க, நீங்களே குடுங்க" என்கிறார் ஹவுஸ் ஓனர். சட்டம் என்ன சொல்கிறது?

நம் மாநிலத்தில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று அதன் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகளும் குழாய்களை மாற்றுவதும் ஓனர் பக்கம். வாய்க்கால் அடைப்பு எடுப்பது, டாய்லெட், வாஷ் பேசின், டேப் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பக்கம். செப்டிக் டேங்க் என்று பெயர் சொல்லி அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்தச் சண்டை தெருவுக்குத் தெரு நடக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், ஏழு மாதத்தில் ஒரு குடும்பம் டேங்கைக் கசடால் நிரப்ப முடியாது. அது உங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் கணக்கு. ஓனர்தான் கொடுக்க வேண்டும். ஆனால் லாரிக்காரர் குழாயைக் குத்தும்போது நாப்கினும் டயப்பரும் சுருண்டு வந்தால் அந்தச் செலவு உங்களுடையது. அப்போது வாதாட வேண்டாம்.

அக்ரிமென்ட் பதினோரு மாதம், டேங்க் எடுப்பது மூன்று வருடத்துக்கு ஒரு முறை. சிக்கலே இந்தப் பொருத்தமின்மையில்தான். எந்தக் குடித்தனத்தின் காலத்தில் லாரி வருகிறதோ அவர் தலையில் விழுகிறது. அடுத்த அக்ரிமென்டில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "கழிவுநீர்த் தொட்டி கடைசியாக எடுக்கப்பட்ட தேதி இது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் செலவு உரிமையாளருடையது, போடக்கூடாத பொருளால் வரும் அடைப்பு வாடகைதாரருடையது." இவ்வளவு போதும். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். வீடு காலி செய்யும்போது அட்வான்ஸில்தான் கை வைப்பார்கள்.

துபாயில் வேலை செய்கிறேன். தாம்பரம் பக்கத்தில் நான்கு போர்ஷன், எல்லாவற்றுக்கும் ஒரே டேங்க். எத்தனை வருடத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும்? 2009-ல் கட்டியதிலிருந்து எடுத்ததே இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு இல்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நான்கு குடும்பம் இத்தனை வருடம் பயன்படுத்தியும் கசடு சேர்ந்து அடைக்கவில்லை என்றால் அது அநேகமாக செப்டிக் டேங்கே இல்லை. அடியில் கான்கிரீட் போடாமல், நாலைந்து உறையை இறக்கி மேலே மூடி போட்ட குழியாக இருக்கும். நம் ஊரில் கொத்தனாரும் ஓனரும் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள். உள்ளே போவதெல்லாம் அப்படியே மண்ணுக்குள் போகிறது. முதலில் கட்டிய மேஸ்திரியைப் பிடித்து, அடித்தளம் உண்டா, நடுவில் தடுப்புச் சுவர் உண்டா என்று கேளுங்கள்.

முறையான டேங்க் என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொல்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். ஐந்து பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரக் குறிப்பில் உள்ள அளவு. பத்துப் பேருக்கு நீளம் இரண்டு மீட்டர். உங்கள் வீட்டில் பதினாறு பேர் இருப்பார்கள். கட்டும்போது எத்தனை பேருக்கு என்று கணக்குப் போட்டீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

வருடக் கணக்கைவிடக் கம்புக் கணக்கை நம்பலாம். ஆறேழு அடிச் சவுக்குக் கம்பு ஒன்றை எடுத்து, அடியிலிருந்து பாதிவரை பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள். வெளியே நின்றபடி முதல் அறையில் தரை தட்டும்வரை மெதுவாக இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து, ஆட்டாமல் நேராக மேலே எடுக்க வேண்டும். துணியின் அடியில் தார் பூசினதுபோல ஒட்டியிருக்கும் கறுப்புதான் கசடு. அதற்கு மேல் வெறும் ஈரக்கறை. நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கறுப்பு வந்துவிட்டால் லாரியைக் கூப்பிடலாம். கம்பைப் போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் துபாயிலிருந்தே முடிவு செய்யலாம்.

நான்கு போர்ஷனில் ஒன்றில் ஃப்ளஷ் டேங்க் ஒழுகினாலே இரவு பகலாகத் தண்ணீர் ஓடி, கசடு படிய விடாமல் கலக்கித் தள்ளிவிடும். இதைக் கண்டுபிடிக்க பிளம்பர் தேவையில்லை. ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டுவிட்டு, கால் மணி நேரம் யாரும் அழுத்தாமல் இருந்தால் போதும். கோப்பையில் நீலம் தெரிந்தால் ஒழுகுகிறது.

பாக்டீரியா பவுடர், ஈஸ்ட், வெல்லக்கரைசல், சாணம் இவற்றில் எது நல்லது?

எதுவும் தேவையில்லை. தினமும் உள்ளே போவதிலேயே வேண்டிய அளவு பாக்டீரியா இருக்கிறது. கசடைக் கரைத்து மாயமாக்கும் பவுடர் என்று ஒன்றும் கிடையாது. டாய்லெட் கழுவ வாரா வாரம் பாட்டில் ஆசிட் ஊற்றுவதை நிறுத்தினாலே அவை பிழைத்துக்கொள்ளும்.

லாரி எங்கள் சந்துக்குள் வராது. தெரிந்தவர் ஒருவர் இரண்டு பேரை அழைத்து வந்து, இறங்கி வாளியில் அள்ளித் தருகிறேன் என்கிறார். செலவும் குறைவு. செய்யலாமா?

கூடாது. இதற்கு வேறு பதிலே கிடையாது.

டேங்குக்குள் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு எல்லாம் தேங்கி நிற்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உஷாராகிவிடலாம் என்று நினைப்பார்கள். அந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. கசடைக் கலக்கும்போது சிக்கியிருந்த வாயு ஒரேயடியாக வெளியேறும். இறங்கியவர் சுருண்டு விழுவார். மேலே நிற்பவர் அவரைத் தூக்கக் குதிப்பார், அவரும் விழுவார். செய்தித்தாளில் ஒரே டேங்கில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இப்படித்தான். "நேற்றே மூடியைத் திறந்து வைத்துவிட்டோம், காற்று போயிருக்கும்" என்பதும் வீண் தைரியம்.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருடம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். ஏஜென்ட் மூலம் அழைத்தேன் என்று ஓனர் தப்ப முடியாது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு வைப்பவர் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஓனர் ஊரில் இல்லாதபோது நீங்கள் கூப்பிட்டால் அந்த வேலைக்கு வைத்தவர் நீங்கள். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-ல் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது.

சந்துக்கு வழி இருக்கிறது. லாரி மெயின் ரோட்டிலேயே நிற்கட்டும், குழாயைக் கூடுதலாக இணைத்து நூறடிக்கு மேலும் இழுக்கிறார்கள். போன் செய்யும்போதே தூரத்தைச் சொல்லிவிட்டால் குழாயோடு வருவார்கள். உள்ளாட்சி உரிமம் உள்ள வண்டிக்கு 14420 என்ற எண்ணில் கேட்கலாம். உரிமம் இல்லாத வண்டி எடுத்ததை ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இதற்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் 2017-லிருந்து இயங்குகிறது. உங்கள் வண்டி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கேட்பதில் தப்பில்லை.

பாத்ரூமில் காலையில் மட்டும் நாற்றம். கூடவே சாயங்காலமானால் கொசு. எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது.

விருந்தாளி வந்தால் மட்டும் பயன்படுத்தும் இரண்டாவது பாத்ரூம் இருக்கிறதா? தரையில் தண்ணீர் தேங்கி நாற்றத்தை மறிக்கும் ட்ராப்பில் தண்ணீர் காய்ந்துபோனால் டேங்கின் காற்று நேராக வீட்டுக்குள் வரும். வாரம் ஒரு முறை ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கும் போகாவிட்டால் காற்றுக்குழாயைப் பாருங்கள். பல வீடுகளில் அது ஜன்னல் மட்டத்திலேயே நின்றிருக்கும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஆள் உயரத்துக்கு மேல் போக வேண்டும். கொசு வருவதும் அந்தக் குழாய் வழியாகத்தான். குழாய் வாயில் கொசுவலைத் துண்டை வைத்துக் கம்பியால் கட்டிவிடுங்கள். பத்து ரூபாய் வேலைக்கு ஓனரைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.

டேங்குக்கும் போர்வெல்லுக்கும் பன்னிரண்டு அடிதான் இருக்கிறது. குடிக்கலாமா?

குடிக்காதீர்கள். உறைக்கிணற்றுக்கும் குடிநீருக்கும் நடுவே பதினெட்டு மீட்டராவது, அதாவது அறுபது அடி இருக்க வேண்டும். ஒன்றரை கிரவுண்டு மனைகளில் அது சாத்தியமில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று நம்பாமல், மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிருமிச் சோதனையும் நைட்ரேட் அளவும் பாருங்கள். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது முக்கியம்.

வழியும் தண்ணீரை ராத்திரியில் மோட்டார் வைத்துத் தெரு மழைநீர்க் கால்வாயில் விடுகிறார் எங்கள் ஓனர். எல்லோரும் செய்கிறார்களே?

எல்லோரும் செய்வதால்தான் கால்வாய் அந்த நிறத்தில் இருக்கிறது. குற்றம்தான். வார்டு சுகாதார ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் ஓனரிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள், குடியிருக்கப்போவது நீங்கள்தான்.

புதிதாக வீடு கட்டி வாடகைக்கு விடப்போகிறோம். டேங்க் போர்ட்டிகோவுக்கு அடியில் வருகிறது. மேலே டைல்ஸ் ஒட்டலாமா?

நான் ஒட்டினேன். ஊருக்கெல்லாம் சொல்கிறவன், என் சொந்த வீட்டுப் போர்ட்டிகோவில் மூடி தெரிந்தால் அசிங்கம் என்று மேலேயே ஒரே தளமாக டைல்ஸ் ஒட்டவிட்டேன். நாலாம் வருடம் கீழ் போர்ஷனில் இருந்த அம்மா, டாய்லெட்டில் தண்ணீர் இறங்கவில்லை என்றார். மூடி எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கைத்தடியால் தட்டித் தட்டி, சத்தம் "டொம்" என்று மாறிய இடத்தில் உளி வைத்தோம். தப்பான இடம். மூன்றாவது உடைப்பில்தான் கிடைத்தது. அதே டைல்ஸ் கடையில் தீர்ந்துபோயிருந்தது. இன்றைக்கும் அந்தப் போர்ட்டிகோ சட்டைக்கு ஒட்டுப் போட்டதுபோல் இருக்கிறது.

ஒட்டுங்கள், ஆனால் இரண்டு அறைக்கும் தனித்தனியாக, கொக்கி வைத்துத் தூக்கும் மூடி விட்டு ஒட்டுங்கள். கார் ஏறும் இடமென்றால் அதற்கேற்ற கனமான ஸ்லாப் போடச் சொல்லுங்கள். அப்புறம், மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டிவையுங்கள். வாசல் படியிலிருந்து மூடி எத்தனை அடி, எந்தப் பக்கம், டேங்க் எத்தனை லிட்டர், கடைசியாக எடுத்த தேதி. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை வெயிலில் வெளுத்துவிடும்.