ஓகஸ்ட் விடுமுறையில் 16 வயது மகனிடம் சாராய வாடை: என்ன செய்வது?

உங்கள் கேள்வி: "விடுமுறை தொடங்கியதிலிருந்து மகன் உப்புவெளிக் கடற்கரைக்குப் போய் இருட்டிய பிறகே வருகிறான். நேற்று சாராய வாடை. அடிக்கவா, பேசவா?"

அடிக்க வேண்டாம். வெறியோடு வந்த இரவில் பேசவும் வேண்டாம்.

நானும் திருகோணமலைதான். தம்பி ஓ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் எங்கள் வீட்டிலும் இதுதான். பள்ளி இல்லை, ரியூசன் இல்லை, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அவனைத் தேட ஆளும் இல்லை. ஒரு நாள் இரவு சிநேகிதப் பெடியள் இரண்டு பேர் ஓட்டோவில் கொண்டுவந்து படலையடியில் இறக்கிவிட்டு ஓடிவிட்டார்கள். அம்மா தேசிக்காய்த் தண்ணி பருக்கினார், அப்பா ஏசினார். மல்லாக்கக் கிடத்திவிட்டு எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா நேர்ஸ். வந்ததும் ஒன்றும் பேசாமல் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் மூச்சு அடைத்துவிடுமாம். தேசிக்காயோ கோப்பியோ வெறியை முறிக்காது, ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். தட்டியும் எழும்பவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு குளிர்கிறது என்றால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. தெரு பார்க்கும் என்று யோசிக்காதீர்கள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அவனோடு கதைத்தேன். "வேண்டாமென்றால் பயந்தாங்கொள்ளி என்பாங்கள், அண்ணா" என்றான். சரி, அப்படியானால் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் போடு, நான் திருப்பி எடுத்து "அம்மா கூப்பிடுறா, உடனே வா" என்று சத்தம் போடுகிறேன் என்றேன். மூன்று தடவை போட்டான். சிநேகிதர்களுக்கு நான் வில்லன். பரவாயில்லை.

குடித்துவிட்டுக் கடலில் இறங்கினானா என்றும் கேளுங்கள். ஓகஸ்டில் நம் பக்கக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அந்த அமைதியை நம்பித்தான் நீந்தப் போவார்கள். யார் வாங்கிக் கொடுத்தது என்பதையும் மெதுவாக விசாரியுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே பெரும்பாலும் நடுவில் வயதில் மூத்த ஒரு 'அண்ணா' இருப்பார்.

சாராயம் மணத்தில் பிடிபடும். ஐஸ் என்ற போதைப்பொருள், போதை மாத்திரை அப்படியல்ல. இரவிரவாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வீட்டில் காசு காணாமல் போகிறது என்றால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காமல் அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிடம் உதவி கேளுங்கள். மனநல உதவிக்கு 1926.

அப்புறம் அந்த நாலு மணி. தம்பியை மாமாவின் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் விட்டோம். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. எட்டு மணிக்குக் கையெல்லாம் கிறீசோடு வருவான், சோற்றைப் பிசைய முதல் அம்மா சவர்க்காரத்தோடு நிற்பார்.