குட்டி ஜெட்டுக்கு எத்தனை ஆம்பியர்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பேட்டரியில் பறக்கும் மாடல் ஜெட்டைப் பற்றி ஒரு துணுக்கு போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், திருமங்கலம்): அண்ணே, ஒரு கடையில் ஃபேன் யூனிட் பார்த்தேன். டப்பாவில் '70 எம்எம், 12 பிளேடு, 6எஸ், 2200 கேவி' என்று போட்டிருந்தது. கேட்டால் கடைக்காரர் "நல்ல ஐட்டம் தம்பி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இதெல்லாம் என்ன? இது நிஜ ஜெட் எஞ்சின் தானா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை தம்பி. நிஜ ஜெட்டில் காற்றை அழுத்தி, எரிபொருளை எரித்து, அந்தச் சூடான வாயுவைப் பின்னால் தள்ளுகிறார்கள். மண்ணெண்ணெய் குடித்து ஓடும் குட்டி டர்பைன்கள் மாடல் விமானத்துக்கும் உண்டு, ஆனால் அது வேறு பட்ஜெட். நீங்கள் பார்த்தது இடிஎஃப், குழாய்க்குள் உட்கார்ந்து மோட்டாரால் சுற்றும் விசிறி. இதில் எரிவதற்கு எதுவும் கிடையாது. (எரிந்தால் அது மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெட்டியான இஎஸ்சி. அதற்குக் கீழே வருகிறேன்.)

70 எம்எம் என்பது விசிறி சுற்றும் குழாயின் உள்விட்டம். 50, 64, 70, 80, 90 என்று அளவுகள் கிடைக்கும். 12 பிளேடு என்பது இறக்கைகளின் எண்ணிக்கை. அதிகமாக இருந்தால் சத்தம் நிஜ ஜெட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும், ஐந்து பிளேடு விசிறி கீச்சென்று கத்தும். 6எஸ் என்றால் ஆறு செல்லை வரிசையாக இணைத்த லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வேண்டும் என்று அர்த்தம். ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் கணக்கில் மொத்தம் 22.2 வோல்ட். கேவியைப் பலபேர் கிலோவோல்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது இல்லை. சுமையில்லாமல் மோட்டாருக்கு ஒரு வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்ற எண் அது. 2200-ஐ 22.2-ஆல் பெருக்கினால் 48,840. விசிறி காற்றைத் தள்ள வேண்டியிருப்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும்.

இனி அந்த யூனிட்டையே கையில் எடுத்துப் பாருங்கள். முன்னால் கூம்பாக இருப்பது ஸ்பின்னர். அதோடு சேர்ந்து சுற்றுவது ரோட்டர். அதற்குப் பின்னால் அசையாமல் நிற்கும் தகடுகள் ஸ்டேட்டர். ரோட்டரை விட்டு வரும் காற்று முறுக்கிக்கொண்டே வரும், அதை நேராக்கிப் பின்னால் அனுப்புவது இதன் வேலை. நடுவில் மோட்டாரைத் தாங்கிக்கொண்டிருப்பதும் இதுதான், போகிற காற்று அப்படியே மோட்டாரையும் குளிர வைத்துவிடும். எல்லாவற்றையும் சுற்றி இருக்கிற வளையக் கூட்டுக்கு ஷ்ரவுட் என்று பெயர். பிளேடு நுனிக்கும் ஷ்ரவுடுக்கும் நடுவே காகிதம் நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். வாங்கும்போது விரலால் மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரே இடத்தில் 'சர்க்'கென்று உரசினால் அந்தப் பீஸ் வேண்டாம், வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வில்லாபுரம்): 64 எம்எம் ஃபேன், 4எஸ் பேட்டரி, 40 ஆம்பியர் இஎஸ்சி. மொட்டை மாடியில் முழு த்ராட்டிலில் அரை நிமிஷம் ஓட்டினேன், கருகல் வாடை வந்து நின்றுவிட்டது. மோட்டார் சூடே ஆகவில்லை. ஃபேன் தாளில் '42 ஆம்பியர்' என்று இருக்கிறது. இரண்டு ஆம்பியர்தானே சார் வித்தியாசம்?

பதில்: அந்த இரண்டு ஆம்பியர்தான் சார் இஎஸ்சியைத் தின்றது. அதோடு மாடியில் மேஜை மேல் வைத்து ஓட்டும்போது இஎஸ்சி மேல் காற்றே படுவதில்லை, சித்திரை வெயில் வேறு.

இஎஸ்சி என்பது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து, நீங்கள் ரிமோட்டின் குச்சியைத் தள்ளுகிற அளவுக்கு மோட்டாருக்கு மின்சாரத்தை விடுகிற பெட்டி. இரண்டு வயர் உள்ளே, மூன்று வயர் வெளியே. அதன் மேல் எழுதியிருக்கும் 40 என்பது நல்ல காற்றோட்டத்தில் அது தாங்கும் எல்லை. ஃபேன் 42 இழுத்தால் 60 போடுங்கள், எடை சில கிராம்தான் கூடும். சாதாரண புரொப்பெல்லர் விமானத்தில் பாதி த்ராட்டிலில் சுற்றிக்கொண்டிருப்போம், அதனால் சின்ன இஎஸ்சியும் பிழைத்துவிடும். ஜெட் ஆட்கள் பாதி நேரம் குச்சியை முழுக்கத் தள்ளியே வைத்திருப்பார்கள்.

பலரும் தலைகீழாகத்தான் வாங்குகிறார்கள்: ஏற்கனவே கையில் ஒரு பேட்டரி இருக்கும், அதற்கு ஒரு இஎஸ்சி, கடைசியில் ஃபேன். முதலில் பறக்கப்போகும் விமானத்தின் மொத்த எடையைப் போடுங்கள். அந்த எடையில் முக்கால் பங்காவது தள்ளுவிசை தரும் ஃபேனைத் தேடுங்கள். அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று பாருங்கள். இஎஸ்சி, பேட்டரி, வயர், கனெக்டர் எல்லாமே அந்த ஒரு எண்ணிலிருந்துதான் வரும். 70 எம்எம் 6எஸ் ஃபேன் ஒன்று 65 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் 22.2 வோல்ட்டில் 1,443 வாட்ஸ், வீட்டில் ஓடும் 750 வாட்ஸ் மிக்ஸி இரண்டு சேர்ந்த மாதிரி. அதற்கு எக்ஸ்டி-60 கனெக்டர் போதாது, எக்ஸ்டி-90 தான்.

இன்னொன்று. ஜெட்டில் ஃபேன் பின்னாலும் பேட்டரி மூக்கிலும் இருப்பதால் வயரை நீட்ட வேண்டி வரும். பேட்டரிப் பக்கத்து இரண்டு வயரை நீட்டாதீர்கள், வோல்டேஜ் துள்ளி இஎஸ்சியின் கெப்பாசிட்டர் போய்விடும். மோட்டார் பக்கத்து மூன்று வயரை நீட்டுங்கள். அப்புறம், இறக்கை, வால் தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டார்களான சர்வோக்களுக்கு 5 வோல்ட் கொடுக்கும் பிஇசி என்ற பகுதியும் பல இஎஸ்சிகளுக்குள்ளேயே இருக்கிறது. இஎஸ்சி கருகினால் அதுவும் சேர்ந்து போகலாம், கண்ட்ரோல் மொத்தமும் கையை விட்டுப் போகும். மாடியில் நடந்ததோடு விட்டது என்று சந்தோஷப்படுங்கள். பெரிய 6எஸ் ஜெட்டுக்குத் தனி பிஇசி வைப்பதுதான் நல்லது.

கேள்வி (அலங்காநல்லூர்): ஃபேன் நல்ல வேகமாகச் சுற்றுகிறது, சத்தமும் வருகிறது. ஆனால் விமானம் நகரவே மாட்டேன் என்கிறது.

பதில்: வால் குழாய்க்குப் பின்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் சும்மா இருந்து, முன்வாய்ப் பக்கம் காற்று அடித்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது. மோட்டாரின் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி (ஒத்தக்கடை, இன்னும் இருவர்): பேட்டரியில் '2200 எம்ஏஎச், 3எஸ், 30சி' என்று இருக்கிறது. எவ்வளவு நேரம் பறக்கும்?

பதில்: எம்ஏஎச் என்பது கொள்ளளவு. 2200 எம்ஏஎச் என்றால் 2.2 ஆம்பியர் வீதம் இழுத்தால் ஒரு மணி நேரம் வரும். 30சி என்றால் அந்த 2.2-ஐப் போல 30 மடங்கு, அதாவது 66 ஆம்பியர் வரை ஒரே மூச்சில் கொடுக்குமாம். 'ஆம்' போட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, மலிவு பேட்டரிகளில் இந்த எண் பெரும்பாலும் ஆசைக்கு எழுதியது. பாதியை நம்பி வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

உங்கள் ஃபேன் 30 ஆம்பியர் இழுத்தால், கொள்ளளவில் 80 சதவீதம் மட்டும் செலவழிப்பதாக வைத்து, மூன்றரை நிமிஷம். அவ்வளவுதான்! ஜெட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதிர்ச்சி அடைவது இந்த இடத்தில்தான். ரிமோட்டில் டைமர் இருக்கும், மூன்று நிமிஷத்துக்கு வைத்துவிட்டு அது கத்தியதும் இறக்கிவிடுங்கள். மீதி இருபது சதவீதம் எதற்கு என்றால், முதல் தடவை தரையிறக்கம் சரியாக வராமல் இன்னொரு சுற்று போய்வர அது வேண்டும், அதோடு லிப்போ செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் அது கெட்டுப்போகும். முழு சார்ஜ் ஒரு செல்லுக்கு 4.2. வாரக்கணக்கில் சும்மா வைப்பதாக இருந்தால் 3.8-இல் வையுங்கள். சார்ஜ் போடும்போது 1சி, அதாவது இந்தப் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர். எல்லா செல்லையும் சமமாக ஏற்ற உதவும் பேலன்ஸ் வயரை மாட்டியே சார்ஜ் போடுங்கள், பக்கத்தில் ஆள் இல்லாமல் போடவே போடாதீர்கள். மே மாசம் பைக் டேங்க் கவரில் பேட்டரியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது கூடவே கூடாது.

கேள்வி (உசிலம்பட்டி): கையால் எறிந்தால் பத்தடி போய் மூக்கைக் குத்திக்கொள்கிறது. என் பழைய புரொப்பெல்லர் விமானம் இப்படிச் செய்யாது.

பதில்: செய்யாதுதான். முன்னால் புரொப்பெல்லர் இருந்தால் அது தள்ளும் காற்று வால் மேல் படும், அதனால் வேகமே இல்லாதபோதும், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டர் வேலை செய்யும். ஜெட்டில் அந்தக் காற்று குழாய்க்குள்ளேயே ஓடி வெளியே போய்விடுகிறது. விமானம் வேகம் எடுக்கும் வரை வால் சொன்ன பேச்சைக் கேட்காது. போதாததற்கு, ஃபேன் முழுச் சுற்றுக்கு வரவும் ஒரு நொடி பிடிக்கும். எனவே முழு த்ராட்டில் கொடுத்து, சத்தம் ஏறி நிலைத்த பிறகு, எதிர்காற்றில், மூக்கைச் சற்றே மட்டும் தூக்கி எறிய வேண்டும். எறிபவர் ஒருவர், ரிமோட் பிடிப்பவர் ஒருவர் என்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆள் கிடைக்காவிட்டால் தரையில் கம்பி அடித்து ரப்பர் கயிற்றில் இழுத்துவிடும் பஞ்சி முறை இருக்கிறது.

அதற்கு முன் சிஜியைப் பாருங்கள், ஈர்ப்பு மையம். பேட்டரியை உள்ளே வைத்துவிட்டு இறக்கையின் அடியில் இரண்டு விரலில் தாங்கிப் பாருங்கள். நேர் இறக்கை என்றால் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் சமமாக நிற்க வேண்டும். முக்கோண இறக்கைக்கு இந்தக் கணக்கை உடம்பை ஒட்டிய இடத்தில் போட்டால் தப்பாகிவிடும், பிளானில் குறித்திருக்கும் புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கு கனத்தால் உங்களுக்கு நடந்த மாதிரி குத்தும். வால் கனத்தால் இன்னும் மோசம், துள்ளித் திரும்பி விழும்.

வெயிலும் சேர்ந்து படுத்தும். 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. ஃபேனுக்குத் தள்ள காற்று குறைகிறது, இறக்கைக்குத் தாங்கவும் குறைகிறது. காலை ஏழு மணிக்குள் பறக்கவிட்டுப் பாருங்கள், அதே விமானம்தானா என்று இருக்கும்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்): தேஜஸ் மாடலை நானே ஷீட்டில் வெட்டிச் செய்யலாம் என்று இருக்கிறேன். அதற்குப் பின்னால் சின்ன இறக்கையே இல்லையே, எலிவேட்டர் எங்கே வைப்பது? காற்று எந்த வழியாக உள்ளே போக வேண்டும்?

பதில்: நல்ல கேள்விம்மா. சாதாரண விமானத்தில் இறக்கையின் ஓரத்தில் உள்ள ஏலரான் சாய்க்கும், வாலில் உள்ள எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும், செங்குத்து வாலில் உள்ள ரட்டர் இடவலமாகத் திருப்பும். வால் இறக்கை இல்லாத தேஜஸில் முதல் இரண்டு வேலையையும் ஒரே தகடு செய்கிறது, அதன் பெயர் எலிவான். இரண்டும் சேர்ந்து மேலே போனால் மூக்கு ஏறும், ஒன்று மேலே ஒன்று கீழே போனால் சாயும். ரிமோட்டில் எலிவான் மிக்ஸ் அல்லது டெல்டா என்று இருப்பதை ஆன் செய்தால் அதுவே கலந்துகொள்ளும். இரண்டு 9 கிராம் சர்வோ போதும். முதல் ஓட்டத்துக்கு முன்னால் பின்பக்கம் நின்று, குச்சியை உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள், இரண்டு தகடும் மேலே எழ வேண்டும். கீழே போனால் ரிவர்ஸ் செய்யுங்கள். இதைப் பார்க்காமல் விட்டு உடைந்த மாடல்களுக்குக் கணக்கே இல்லை.

காற்றுக்கு, நிஜ தேஜஸ் மாதிரி இரண்டு பக்கமும் வாய் வைத்தால் உள்ளே வளைத்து ஃபேனுக்குக் கொண்டுவர வேண்டும். வளைவு திடீரென்று இருந்தால் தள்ளுவிசை அங்கேயே போய்விடும். வாயின் விளிம்பு கத்தி மாதிரி இல்லாமல் உருண்டையாக இருக்கட்டும். அளவு போதவில்லை என்றால் ஃபேனுக்குச் சற்று முன்னால் அடிவயிற்றில் ஒரு துளை போடுவார்கள், சீட்டர் ஹோல் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பின்னால் காற்று வெளியேறும் த்ரஸ்ட் ட்யூபுக்கு ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தாள்) சுருட்டி ஒட்டினால் போதும், எடையே இருக்காது. முடிகிற இடத்தில் குழாயைக் கொஞ்சம் குறுக்கினால் காற்றின் வேகம் கூடும். ரொம்பக் குறுக்கினால் ஃபேன் திணறும், ஆம்பியர் ஏறும்.

ஷீட் வாங்கும்போது கவனம். போர்டு எழுதும் கடையில் 'சன்போர்டு' என்று கொடுப்பது பிவிசி, கனம் அதிகம், பறக்காது. இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய ஃபோம் போர்டு கேளுங்கள். தெர்மோகோல் வகை எதிலும் ஃபெவிக்விக் வைக்காதீர்கள், கரைத்துத் தின்றுவிடும்.

உங்களுக்கு இது முதல் விமானம் என்றால் மட்டும் ஒரு வார்த்தை. அதே வெட்டில் ஃபேனுக்குப் பதில் பின்பக்கம் ஒரு புரொப்பெல்லர் வைத்துப் பறக்கவிடுங்கள், பார்க்ஜெட் என்பார்கள். பாதி ஆம்பியரில் அதைவிட நன்றாகப் பறக்கும். எனக்குக் கேட்டால் நிறையப் பேருக்கு அதுவே போதும்.

கேள்வி (அவனியாபுரம், வாடிப்பட்டி): எங்கே பறக்கவிடலாம்?

பதில்: அவனியாபுரத்துக்காரர் வீட்டுப் பக்கம் எங்கேயும் கூடாது. விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது. ஆளில்லாமல் தூரத்திலிருந்து இயக்கும் விமானம் எல்லாமே 2021 ட்ரோன் விதிகளுக்குள் வருகிறது. விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் முடியாது, 8-லிருந்து 12 வரை 200 அடி உயரம்தான். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு, பதிவு விஷயத்தையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் எடுத்துக்கொண்டே போகாதீர்கள், போலீஸ் வந்துதான் இறக்கும்.

வாடிப்பட்டிப் பக்கம் கோடையில் வற்றிய கண்மாய்கள் நல்ல இடம், ஆனால் சீமைக்கருவேலம் இல்லாத கண்மாயாகப் பாருங்கள். சக்கரத்தில் ஓட்டி ஏற்றுவதாக இருந்தால் தரையைக் கூட்டிவிடுங்கள், கூழாங்கல் ஒன்றை உறிஞ்சினால் பிளேடு காலி. மலைக்குப் பின்பக்கம் காற்று சுழலும், யானைமலை ஓரத்து வயல்களில் பறக்கவிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், உங்கள் அரைக்கிலோ ஃபோம் ஜெட் எம்மாத்திரம்! அந்த மாசம் ஒட்டுவேலை பாருங்கள்.

கேள்வி (மேலூர்): பேட்டரி லேசாக ஊதியிருக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்தால் சரியாகிவிடும் என்கிறான் என் மச்சான்.

பதில்: மச்சானைப் பக்கத்திலேயே விடாதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். ஊதியதை இனிமேல் சார்ஜ் போட வேண்டாம். சார்ஜரில் டிஸ்சார்ஜ் வசதி இருந்தால் வெட்டவெளியில் வைத்து முழுக்க இறக்கி, கனெக்டர் முனைகளில் டேப் சுற்றி, மின்கழிவு வாங்குகிற இடத்தில் 'லிப்போ' என்று சொல்லிக் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால் நசுங்கும்போது வண்டியே பற்றிக்கொள்ளும்.