அமெரிக்காவில் இருக்கும் டீக்கி பார்கள் நிஜமாகவே பாலினேசியத் தீவுகளிலிருந்து வந்தவையா?

இல்லை. அவை பிறந்த ஊர் ஹாலிவுட். மூங்கில் சுவர், ஓலைக் கூரை, முறைத்துப் பார்க்கும் மரச்சிலை (இதுதான் டீக்கி), அதே சிலை வடிவக் கோப்பையில் ரம் என்ற இந்தக் கலவை அந்தக் காலத்து ஹவாயிலும் இல்லை, தஹித்தியிலும் இல்லை. ஐரோப்பியக் கப்பல்கள் வரும்வரை அந்தத் தீவுகளில் காய்ச்சி வடித்த சாராயமே கிடையாது. பல தீவுகளில் காவா என்ற செடியின் வேரை இடித்து, தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். ரம் கரீபியன் பக்கத்துச் சரக்கு.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிந்தது. அந்தச் சமயத்தில்தான் எர்னஸ்ட் கான்ட் என்ற இளைஞர் ஹாலிவுட்டில் சின்னதாக ஒரு பார் திறந்தார். கரீபியனிலும் தென்கடல் தீவுகளிலும், அதாவது தென் பசிபிக்கிலும், சுற்றிவிட்டு வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த பொருட்களைப் படக் கம்பெனிகளுக்கு வாடகைக்கும் விட்டிருக்கிறார். விஸ்கி பீப்பாயில் வருடக்கணக்கில் ஊற வேண்டும். மதுவிலக்கு முடிந்த கையோடு நல்ல விஸ்கி எங்கே கிடைக்கும்? ரம் மலிவாகக் கிடைத்தது. இரண்டு மூன்று வகை ரம்மை ஒரே கோப்பையில் கலந்து, எலுமிச்சை, பட்டை, கிராம்பு என்று மணம் ஏற்றி, மனிதர் ஒரு புது உலகத்தையே உண்டாக்கிவிட்டார். கடை பெயர் ‘டான் தி பீச்காம்பர்’. பிறகு தன் பெயரையே சட்டப்படி டான் பீச் என்று மாற்றிக்கொண்டார்.

இந்த ஆளுடைய வியாபார மூளை தனி ரகம். தகரக் கூரை மேல் குழாயில் தண்ணீர் விடுவாராம். வெளியே மழை பெய்கிறது என்று நினைத்து, உள்ளே இருப்பவர்கள் இன்னொன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ‘ஸோம்பி’ என்ற பானத்தை ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டோம் என்று அறிவித்ததும் இவர்தான். அப்படிச் சொன்னால் கூட்டம் குறையுமா, கூடுமா? நீங்களே சொல்லுங்கள். செய்முறை ரகசியம் போட்டிக் கடைக்குப் போய்விடக் கூடாது என்று பாட்டில்களில் பெயருக்குப் பதில் எண்ணும் குறியீடும்தான் எழுதியிருக்கும். கலக்குபவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பல பத்தாண்டுகள் கழித்து ஜெஃப் பெர்ரி என்பவர் பழைய ஊழியர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வைத்திருந்த குறிப்பேடுகளைக் கொண்டு இவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஸோம்பியில் வரும் ‘டான்ஸ் மிக்ஸ்’ (டானின் கலவை) கடைசியில் என்னவென்றால், கிரேப்ஃப்ரூட் சாறும் பட்டை போட்ட சர்க்கரைப் பாகும்.

அடுத்தவர் விக்டர் பெர்ஜரான். 1934-இல் ஓக்லாந்தில் ‘ஹிங்கி டிங்க்ஸ்’ என்று ஒரு பார் வைத்திருந்தார். டான் பீச்சின் கடையைப் பார்த்துவிட்டு வந்து, தன் கடையையும் தென்கடல் பாணிக்கு மாற்றி ‘ட்ரேடர் விக்ஸ்’ ஆக்கினார். சிறு வயதிலேயே நோயில் ஒரு காலை இழந்தவர். வாடிக்கையாளர்களிடம் சுறா கடித்துவிட்டது என்பார். 1944-இல் ஜமைக்கா ரம், எலுமிச்சை, பாதாம் பாகு சேர்த்து அவர் கலக்கியதுதான் மை டாய். தானே முதலில் செய்ததாக டான் பீச் கடைசிவரை சண்டை போட்டார், அது வேறு கதை. 1953-இல் ஒரு கப்பல் கம்பெனியின் ஹோட்டலுக்காக விக்டர் அதை ஹவாய்க்குக் கொண்டுபோனார். இன்று ஹவாய்க்குப் போகிறவர்கள் அன்னாசிச் சாறு ஊற்றிய மை டாயைக் கையில் பிடித்துக்கொண்டு, இதுதான் தீவின் பானம் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அது கலிஃபோர்னியாவிலிருந்து இறக்குமதியானது!

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. பேர் வாங்கியது டானும் விக்கும். கலக்கிக் கொடுத்த கைகளில் பெரும்பாலானவை ஃபிலிப்பினோ கைகள். சமையலறையில் கான்டனீஸ் சமையல். ‘பூபூ தட்டு’ என்று ஹவாய்ப் பெயரில் வருவதில் இருப்பதெல்லாம் எக் ரோலும் பன்றி விலா எலும்பும்தான். ஃபிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் காலனி. அங்கிருந்து வந்தவர்களுக்கு இங்கே கிடைத்தது பெரும்பாலும் வயல் வேலையும் ஹோட்டல் வேலையும்தான். பூப்போட்ட சட்டை மாட்டிவிட்டால் வாடிக்கையாளர் கண்ணுக்கு அவர்களே தீவுக்காரர்கள். அவர்களில் ரே பூயன், டானிடம் வேலை பார்த்துவிட்டு 1961-இல் லாஸ் ஏஞ்சலஸில் ‘டீக்கி டீ’ என்று சொந்தக் கடை போட்டார். அவர் குடும்பம் அதைத் தொடர்ந்து நடத்திவருகிறது. டீக்கி பாரின் உண்மையான வாரிசு யார் என்று கேட்டால் நான் அந்தக் கடையைத்தான் காட்டுவேன்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் போய்த் திரும்பிய சிப்பாய்கள், 1959-இல் ஹவாய் மாநிலமானது, ஜெட் விமானம் என்று எல்லாம் சேர்ந்து இதை உச்சத்துக்குக் கொண்டுபோயின. ஃப்ளோரிடாவில் 1956-இல் ‘மை கை’ என்ற கடை. ஒஹாயோவில், கடலே எட்டிப் பார்க்காத கொலம்பஸ் நகரில், 1961-இல் ‘கஹீக்கி’. வாசலில் தலையில் தீ எரியும் ஈஸ்டர் தீவுச் சிலைகள். சான் ஃபிரான்சிஸ்கோ ஃபேர்மான்ட் ஹோட்டலில் 1945-இல் நீச்சல் குளத்தையே குளமாக வைத்துக்கொண்டு ‘டோங்கா ரூம்’ கட்டினார்கள். அலுவலக நண்பர்களோடு அங்கே போயிருக்கிறேன். நடுக்குளத்தில் படகில் பாட்டுக் கச்சேரி, அவ்வப்போது இடி முழக்கத்தோடு செயற்கை மழை. வடிவமைத்தவர் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் செட் போடுகிறவர். நம்பவே சிரமமில்லை. குடிக்காத எனக்கே அந்த மழை பிடித்திருந்தது, சாப்பாடு சுமார்.

எழுபதுகளில் மவுசு குறைந்தது. 2000-இல் கஹீக்கியை இடித்துவிட்டு அங்கே மருந்துக் கடை கட்டினார்கள். அதே சமயத்தில்தான் பழைய கோப்பைகளையும் மெனு அட்டைகளையும் சேகரிக்கிற ஒரு கூட்டம் கிளம்பி, மறுபடி புதுக் கடைகள் முளைத்தன.

பசிபிக் தீவுக்காரர்களின் கோபம் நியாயமானது. முன்னோரையும் தெய்வங்களையும் செதுக்கிய வடிவத்தில் ஸ்ட்ரா போட்டுக் குடிப்பதை யார்தான் ரசிப்பார்கள்? இங்கே ‘சொர்க்கத் தீவு’ என்று விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1966-இலிருந்து ஃபிரான்ஸ் பசிபிக்கின் மொருரோவா, ஃபங்கடாவ்ஃபா தீவுகளில் அணுகுண்டு வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. 1996 வரை அது நடந்தது. இன்றைய கடைகளில் சில சாமி முகங்களை எடுத்துவிட்டு வெறும் கடல், கப்பல் அலங்காரத்துக்கு மாறியிருக்கின்றன. எனக்கு அது சரியாகப் படுகிறது. ரம் கலக்கும் கலைக்குச் சிலை எதற்கு?

நேரில் பார்க்க ஆசை என்றால், கூரை இடிந்து 2020-இல் மூடிய மை கை 2024 இறுதியில் திரும்பத் திறந்துவிட்டது. அமெரிக்கா வர முடியாதவர்களுக்கு, ட்ரேடர் விக்ஸின் கிளைகள் வளைகுடா நாடுகளில் உண்டு. துபாய், அபுதாபியில் இருக்கும் நண்பர்கள் ஒரு நடை போய்வரலாம்.