உங்கள் வாசலில் நிற்பது அசோக மரம்தானா?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டி எட்டு அசோக மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அசோக மரம் அழியும் ஆபத்தில் இருப்பதாகப் படித்தேன். தெருவுக்குத் தெரு நிற்கிற மரம் எப்படி அழியும்? பக்கத்து வீட்டு அக்கா கஷாயம் வைக்க அதன் பட்டையைக் கேட்கிறார், கொடுக்கலாமா? இன்னும் சில கன்றுகள் நட்டால் அந்த இனத்துக்கு உதவியாக இருக்குமா?"

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டையைக் கொடுக்காதீர்கள். சுவர் ஓரமாக வரிசை கட்டி, குடை மடக்கியது போல நெடுநெடுவென்று நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் நெட்டிலிங்கம். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் அசோக மரம் என்கிறார்கள். அசோகப்பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை மருந்துச் சரக்கில் கலப்பது பல காலமாக நடக்கிற கலப்படம். அந்த அக்காவின் உடம்புக்கு என்ன தேவை என்பதைச் சித்த மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

சந்தேகம் தீர ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பம். இலை ஒவ்வொன்றும் தனி இலை, நீளமாக, ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும். பூ வெளிர்பச்சை, இலைகளுக்குள் இருப்பதே தெரியாது. அசல் அசோகம் புளியமரத்துக்கு உறவு. ஒரே காம்பில் நான்கு முதல் ஆறு ஜோடி சிற்றிலைகள் இருக்கும், ஆனால் புளிய இலை போலப் பொடியாக இல்லாமல் ஒவ்வொன்றும் மாவிலை மாதிரி நீளம். மரம் அதிக உயரம் போகாது, கிளை பரப்பி அடர்ந்து நிற்கும்.

பூ வந்துவிட்டால் குழப்பமே இல்லை. மாசி, பங்குனி வாக்கில் இளங்கிளையில் மட்டுமல்ல, முற்றிய கிளைகளிலும் நேரடியாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். சன்னமான குழல், அதன் நுனியில் இதழ் போல நான்கு மடல்கள். பார்க்க இதழாகத் தோன்றினாலும் அவை புல்லி, அதாவது மொட்டை மூடியிருக்கும் வெளியடுக்கு. இந்தப் பூவுக்கு அல்லியிதழே கிடையாது. மடல்களைத் தாண்டி மகரந்தக் காம்புகள் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கும். மலரும்போது மஞ்சள் கலந்த ஆரஞ்சு, நாளாக ஆகச் சிவப்பு. அதனால் ஒரே கொத்தில் இரண்டு நிறமும் தெரியும். சங்கப் பாட்டில் செயலை என்றும் பிண்டி என்றும் வருவது இந்த மரம்தான்.

ஆபத்தில் இருப்பதும் இதுதான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சராகா அசோகா (அசல் அசோகத்தின் அறிவியல் பெயர்) 1998-இல் 'அழிவாய்ப்பு இனம்' என்று மதிப்பிடப்பட்டது. அழியும் அபாயத்தைச் சொல்லும் மூன்று படிகளில் இது முதல் படி. இதற்கு மேல் 'அருகிய இனம்', அதற்கும் மேல் 'மிக அருகிய இனம்'. 1998 மதிப்பீடு மிகப் பழையது, புதுப்பிக்க வேண்டியது என்பதையும் மனதில் வையுங்கள்.

எந்தக் காரணத்துக்காக அந்தப் படியில் வைத்தார்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே மரங்களை எண்ணிப் பார்த்து முடிவு சொல்லவில்லை. மரம் இயற்கையாக வளரும் பரப்பு குறுகியது, துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது, அந்த இடத்தின் தரமும் குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் அடிப்படை. அசோகம் காட்டில் எங்கு வேண்டுமானாலும் முளைக்கிற மரம் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான சரிவுகளில், பசுமைமாறாக் காட்டில், ஓடைக்கரை ஈரத்தையும் நிழலையும் பிடித்துக்கொண்டு வளர்வது. மனிதர்களுக்கும் அதே இடம்தான் வேண்டியிருக்கிறது. பாக்கு, ரப்பர் தோட்டம், அணை, சாலை எல்லாம் முதலில் இறங்குவது அங்கேதான். ஓடையின் நிழலை வெட்டிவிட்டால் பெரிய மரம் சில காலம் தாக்குப்பிடிக்கும். அதன் காலடியில் விழும் விதைதான் காய்ந்து போகும்.

அப்புறம் பட்டை. மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்கரையில் நான் பார்த்த மரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இடுப்பளவிலிருந்து தலை உயரம் வரை சுற்றிலும் உரித்திருந்தார்கள். மேலே இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது, ஒரு கிளையில் பூ கூட இருந்தது. ஆனால் அது செத்த மரம். இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்குவது உள்பட்டை வழியாக. சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து சாகும், மரம் மெதுவாகக் காயும். கருப்பை சார்ந்த மருந்துகளுக்கு இந்தப் பட்டைக்குப் பெரிய தேவை இருக்கிறது. தோட்டத்தில் பயிராகும் அசோகம் அதற்குப் போதாது, மிச்சச் சுமை காட்டின் தலையில் விழுகிறது.

சரி, நீங்கள் நட்டால் உதவுமா? வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் மரம் சிவப்புப் பட்டியல் கணக்கில் சேராது, இயற்கை வாழிடத்தில் தானாக இனம் பெருக்கும் மரங்களைத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் நடுங்கள். விதைக்கு ஒரு தாய்மரம் கிடைக்கும். காட்டுக்குப் போகாமலே கன்று கிடைக்க வழி பிறக்கும். ஓடைக்கரையில் முளைத்த கன்றைப் பிடுங்கி வருவது மட்டும் கூடவே கூடாது. காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எதை எடுத்தாலும் குற்றம். அது போக, அங்கே பிழைத்து வருகிற கன்று ஒவ்வொன்றும் அந்த இடத்துக்கே தேவை.

நாற்றுப் பண்ணையில் "அசோகம் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் நெட்டிலிங்கத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரே காம்பில் பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி: பூ என்ன நிறம்? பெரிய மஞ்சள் கொத்தாகப் பூக்கும் மலாய் நாட்டு உறவுமரம் ஒன்றையும் அசோகம் என்றே விற்கிறார்கள். அழகான மரம்தான், ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை. தாய்மரத்தைக் காட்டக்கூடிய பண்ணை என்றால் நல்லது. விதையாகக் கிடைத்தால் காய வைத்துச் சேமிக்காமல் உடனே ஊன்றிவிடுங்கள். நாள்பட்டால் முளைப்புத்திறன் போய்விடும்.

சுவர் ஓரத்து வெயிலில் அந்த எட்டு மரங்கள் மாதிரி வரிசையாக வைக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் தண்ணீரோ கிணற்றடி ஈரமோ எட்டுகிற, பாதி நிழலான இடமாகப் பாருங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. காய்ந்த இலைகளைக் காலடியில் மூடாக்காகப் போடுங்கள். முதல் சில வருடக் கோடையில் தண்ணீர் தவறக் கூடாது.

நட்டபின் ஒரு நாள் செம்பு நிறத்தில் புதுத்தளிர் ஒன்று, துணி காயப்போட்டது போலத் துவண்டு தொங்கும். வாடிவிட்டது என்று பயந்து குடம் குடமாக ஊற்றிவிடாதீர்கள். அசோகத் தளிர் அப்படித்தான் தொங்கும். சில நாளில் பச்சை ஏறித் தானாக விறைத்துக்கொள்ளும்.